ரோபோ அறுவை சிகிச்சைச் செய்தி: எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

மருத்துவச் செய்தி எழுத வரும் புதியவர்களுக்கு ரோபோ அறுவை சிகிச்சை பிரஸ் மீட் சீக்கிரமே வந்துவிடும். குறிப்பும் படமும் மருத்துவமனையே தந்துவிடும். பெயர், வயது தப்பினால் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் பிடித்துவிடுவார்கள். கீழே உள்ள தவறுகள் டெஸ்க்கையும் தாண்டி அச்சுக்குப் போகிறவை.

'ரோபோ ஆபரேஷன் செய்தது'

செய்தவர் மருத்துவர். பரவலாகப் பயன்படும் டாவின்சி கருவியில் மூன்று பாகங்கள்: மருத்துவர் அமரும் கன்சோல், நோயாளி அருகே நிற்கும் நான்கு கை வண்டி, கேமரா வண்டி. கன்சோலின் பார்வைப் பெட்டியில் முகத்தைப் பதித்து அவர் விரல்களை அசைக்க, அந்த அசைவு சுருக்கப்பட்டு, நடுக்கம் நீக்கப்பட்டு, கருவியின் நுனிக்குப் போகிறது. முகத்தை எடுத்தால் கைகள் அப்படியே நின்றுவிடும். படுக்கையருகே இன்னொருவர் கருவிகளை மாற்றிக்கொண்டு, ரத்தத்தை உறிஞ்சியபடி இருப்பார். பிளாஸ்டிக் உறை போட்ட கைகளை மட்டும் காட்டும் படத்தில் இந்த இருவருமே இருக்க மாட்டார்கள். கன்சோலும் தெரியும் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

'ஏஐ ரோபோ'

எந்த வேலையை ஏஐ செய்தது என்று கேட்டு, பதில் கிடைத்தால் மட்டும் எழுதுங்கள்.

வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிடுவது

திரும்பத் திரும்ப எரிச்சலூட்டும் தவறு இதுதான். 'சிறு துளை, குறைந்த ரத்தப்போக்கு, சில நாளில் வீடு' என்று செய்தி வரும். ரோபோ இல்லாமல், சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு மருத்துவர் நேரடியாகக் கையால் செய்யும் லேப்ராஸ்கோபியிலும் இந்த மூன்றும் உண்டு. அவை துளை வழியே செய்வதால் வரும் பலன்கள். முழுவதையும் ரோபோவின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

லேப்ராஸ்கோபியோடு நேருக்கு நேர் வைத்தால் படம் மாறுகிறது. மலக்குடல் புற்றுநோயாளிகள் 471 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ரோலார் ஆய்வில், பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 12.2. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே புள்ளியியல் முடிவு. 8-ஐயும் 12-ஐயும் மட்டும் எடுத்துத் தலைப்பு போட்டால் செய்தி பொய்யாகிவிடும்.

துளை வழி என்றாலே நல்லது என்றும் எழுத முடியாது. ஆரம்பநிலை கருப்பைவாய்ப் புற்றுநோயில், லேப்ராஸ்கோபி அல்லது ரோபோ வழியாகக் கருப்பையை அகற்றிய பெண்களுக்கு, வயிற்றைத் திறந்து அகற்றியவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது, உயிரிழப்பும் கூடியது என்று 2018-இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது.

ரோபோவுக்குப் பலனே இல்லை என்று சொல்லவில்லை. இடுப்புக்குழியின் ஆழத்தில் தையல் போடும்போது, மணிக்கட்டு போல வளையும் கருவி மருத்துவருக்குப் பெரிய வசதி. அது எந்த நோயில், யாருக்கு, எவ்வளவு நன்மையாகிறது என்பதைத்தான் செய்தி சொல்ல வேண்டும். பேப்பர் பார்த்துவிட்டு, பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபியே போதும் என்ற நிலையில் இருப்பவர் வீட்டில் நகையை அடகு வைக்கிறார்கள். ரோபோ சிகிச்சைக்கு அவர்களுடைய காப்பீட்டில் தனி உச்சவரம்பு இருக்கலாம்; மீதியைக் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே பிரஸ் மீட்டில் முதல் கேள்வி: 'இதையே லேப்ராஸ்கோபியில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், எவ்வளவு ஆகியிருக்கும்?'

கருவி விலையோடு நிறுத்துவது

கோடிகளில் வாங்கும் விலை ஒருமுறைச் செலவு. டாவின்சியின் கருவி முனைகளை எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று கணக்கு உண்டு, இயந்திரமே எண்ணும். எண்ணிக்கை முடிந்தால், நன்றாக இருந்தாலும் ஏற்காது. இதோடு ஆண்டுப் பராமரிப்பும் சேர்ந்துதான் நோயாளியின் பில்லில் ஏறுகிறது.

'முதன்முறையாக'

ஊரிலா, மாநிலத்திலா, அந்த மருத்துவமனையிலா?

டிஸ்சார்ஜ் அன்று எடுக்கும் பேட்டி

புராஸ்டேட் அகற்றியவர் மூன்றாம் நாள் கைகூப்பி நன்றி சொல்லும்போது சிறுநீர்க் குழாய் இன்னும் உள்ளே இருக்கும். சிறுநீர் கசிகிறதா என்பது அதை எடுத்த பிறகுதான் தெரியும். திறந்த முறையையும் ரோபோவையும் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நடந்த ஆய்வு 12 வாரம் காத்திருந்து அதை அளந்தது. 2016-இல் வெளியான அதன் முடிவில், ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. சிறுநீர்க் கட்டுப்பாட்டில் வித்தியாசம் இல்லை. பேட்டி கொடுத்தவரின் எண்ணை வாங்கி வைத்து, மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுங்கள்.