வினாடி வினாவுக்குத் தயாராவது எப்படி? வேலூர்க் கோட்டை வாசலிலிருந்து ஒரு தொடக்கம்

எங்கள் காட்பாடித் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலையானால் ஆறேழு பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். எல்லாரும் ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் படிப்பவர்கள். புதிதாகச் சேரும் பிள்ளையின் கையில் தடிமனான பொது அறிவுப் புத்தகம் ஒன்று கட்டாயம் இருக்கும். முதல் நாள் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: "அக்கா, இதுல எந்தப் பக்கமெல்லாம் படிக்கணும்?"

அந்தப் புத்தகத்தை ஒரு மாதத்துக்கு அலமாரியில் வைத்துவிடச் சொல்வேன். ஐயாயிரம் ஒற்றை வரிக் கேள்விகளை மனப்பாடம் செய்த பிள்ளை, மேடையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலே திகைத்து நிற்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மனதில் ஏற்கெனவே உறுதியாக இருக்கும் ஒன்றோடு முடிச்சுப் போட்ட தகவல்தான் பதற்றத்திலும் கைகொடுக்கும். அந்த முடிச்சை எப்படிப் போடுவது என்பதை நாங்கள் செய்யும் முறையிலேயே சொல்கிறேன்.

படி 1: போட்டியின் விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்

பெரும்பாலான பள்ளிப் போட்டிகளில் இரண்டு பேர் ஒரு டீம். முதலில் எழுத்துச் சுற்று. அதில் அதிக மதிப்பெண் எடுத்த ஐந்தாறு டீம்கள் மேடை ஏறும். மேடையில் நேரடிக் கேள்வி, அடுத்த டீமுக்குப் பாஸ் ஆகும் கேள்வி, படச் சுற்று, பொத்தானை முதலில் அழுத்தியவர் விடை சொல்லும் பஸ்ஸர் சுற்று என்று போகும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா, சமநிலை வந்தால் எந்தக் கேள்விகளை வைத்துத் தீர்ப்பார்கள் என்ற இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில போட்டிகளில் எழுத்துத் தாளில் நட்சத்திரக் குறி போட்ட கேள்விகள் இருக்கும், சமநிலையைத் தீர்க்க அவற்றைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கேள்விகளைக் காலியாக விட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

படி 2: உங்கள் ஊரிலிருந்து நூல் பிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நாங்கள் அதிக நேரம் கொடுப்போம். முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போவேன். நூறு தடவை பஸ்ஸில் கடந்துபோன கோட்டைதான். ஆனால் அகழிக்கரையில் உட்கார்ந்து, "இங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

1806ஆம் ஆண்டு ஜூலை 10, விடிவதற்கு முன்பே கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்திருந்தது. திப்பு சுல்தானின் குடும்பத்தாரும் அப்போது இதே கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். செய்தி ஆற்காட்டுக்குப் போனது. அங்கிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கிளர்ச்சியை அடக்கினார்.

இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து நூல் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். திப்புவின் குடும்பம் ஏன் வேலூரில் இருந்தது? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்ததால். இங்கே நான்காம் மைசூர்ப் போர் வந்துவிட்டது. மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர்கள் காங்கிரீவ் ராக்கெட்டை உருவாக்கினார்கள் என்றால், அறிவியல் வரலாறும் சேர்ந்துகொள்கிறது. கிளர்ச்சிக்குப் பிறகு அந்தக் குடும்பத்தை எங்கே அனுப்பினார்கள்? கல்கத்தாவுக்கு. அப்போது சென்னை மாகாண ஆளுநர் யார்? வில்லியம் பெண்டிங். வேலூர் நிகழ்ச்சியால் அவர் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டார். அதே பெண்டிங் பின்னால் தலைமை ஆளுநராக வந்து 1829இல் பெண்கள் உடன்கட்டை ஏறும் சதி வழக்கத்தைத் தடை செய்தார். "வேலூரால் பதவி போனவர், திரும்பி வந்து சதியை நிறுத்தினார்" என்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் நோட்டில் எழுதி வைத்தாள். அந்த ஆண்டை அவள் மறக்கவே இல்லை.

கோட்டைக்கு இன்னொரு கைதியும் உண்டு. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானது. மன்னரைச் சிறைப்பிடித்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். அவருடைய சமாதி இருக்கும் முத்து மண்டபம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. பாலாறு என்றதும் அடுத்த நூல்: கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வறண்ட மணலாக நம் ஊரைக் கடந்து, கல்பாக்கம் அருகே வயலூரில் கடலில் சேர்கிறது. இலங்கை வரலாறும் ஆற்றின் புவியியலும் ஒரே மண்டபத்தில் சந்தித்துவிட்டன.

வரலாற்றுக்கு மட்டும்தான் இந்த முறை என்று நினைக்க வேண்டாம். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்டார்கள், அப்புறம் குரோமிய உப்பு வந்தது. குரோமியத்தின் குறியீடு சிஆர், அணு எண் 24. வீட்டுத் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரத்தில் துருவைத் தடுப்பதும் குரோமியம், மாணிக்கக் கல்லுக்குச் சிவப்பு நிறம் தருவதும் குரோமியம். குடியாத்தத்துத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தால் பெட்டியின் உரசும் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். இப்படிக் கண்ணால் பார்த்துத் தொட்ட பொருளோடு சேர்ந்த வேதியியல் லேசில் மறக்காது.

உங்கள் ஊர் வேறாக இருக்கலாம். மலை, ஆறு, ரயில் நிலையம், சந்தை, பழைய கோயில் என ஐந்து பெயர்களை எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது ஐந்து கேள்விகள் கிளம்புகிறதா என்று பாருங்கள்.

படி 3: நோட்டில் மூன்று பத்தி

நீளமான நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரித்து முதல் பத்தியில் தகவல், இரண்டாவதில் அதை எதோடு முடிச்சுப் போட்டீர்கள் என்பது, மூன்றாவதில் அது மாறக்கூடியதா என்பது. மாறக்கூடிய விடையைப் பென்சிலால் எழுதுங்கள். மூன்றாவது பத்தியைப் பலரும் சோம்பலில் விட்டுவிடுவார்கள், நான் விடவே மாட்டேன்.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பிள்ளைகள் போன ஒரு போட்டியில், காவலூர் வானாய்வகம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். எங்கள் பையன் திருப்பத்தூர் என்றான். நடத்தியவர்களின் தாளில் வேலூர் என்று இருந்ததால் மதிப்பெண் தரவில்லை. பையன் சொன்னதுதான் சரி. 2019இல் பழைய வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். காவலூர், ஏலகிரி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை எல்லாம் திருப்பத்தூருக்குப் போயின. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், சோளிங்கர் ராணிப்பேட்டைக்குப் போயின. அதற்கும் முன்பு, 1989இல் வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. இன்னும் பின்னால் போனால் 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரே சித்தூர்தான். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று அச்சடித்த பழைய புத்தகங்கள் இன்னும் கடைகளில் கிடைக்கின்றன. இப்போதைய எண்ணிக்கை 38.

இப்படி மாறியவை நிறைய. 2006இல் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. 2023இல் மக்கள்தொகையில் இந்தியா சீனாவைத் தாண்டியது. 2025இல் சனிக்கு ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து 274 ஆயின. பென்சில் பத்தியை மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

படி 4: கேள்வியைப் பிரித்துப் படியுங்கள்

நீளமான கேள்வியைக் கண்டு பயப்படாதீர்கள். அதற்குள்ளேயே துப்புகள் இருக்கும். ஒரு மாதிரி:

"1972இல் ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி, அதே ஆண்டில் வியாழனின் நிலவு ஒன்றுக்கு வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைப் பதிவு செய்தது. புதன் கோளைவிடக் குறுக்களவில் பெரிய அந்த நிலவு எது?"

காவலூரைப் பற்றி எதுவுமே தெரியாத பிள்ளைகூட இதற்கு விடை சொல்லலாம். வியாழனின் நிலவு, புதனைவிடப் பெரியது என்ற இரண்டு துப்புகள் போதும். சூரியக் குடும்பத்திலேயே பெரிய நிலவு கனிமீடு. முன்பகுதியைக் கேட்டதும் "எனக்குத் தெரியாது" என்று மனதை மூடிக்கொள்பவர்கள்தான் கடைசித் துப்பைத் தவறவிடுகிறார்கள்.

'முதல்' என்ற சொல் வந்தால் அதற்கு முன்னால் இருக்கும் சொல்லைக் கவனியுங்கள். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் மும்பையிலிருந்து தானேவுக்கு ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை வந்தது. அவசரத்தில் பஸ்ஸரை அழுத்தி மும்பை என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன், 'தென்' என்ற ஒரு சொல் காதில் விழாததால்.

படி 5: நீங்களே கேள்வி எழுதுங்கள்

எங்கள் திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் வாரம் பத்துக் கேள்விகள் எழுதிவர வேண்டும். விதி ஒன்றுதான்: விடைக்குக் குறைந்தது இரண்டு வழிகள் இருக்க வேண்டும்.

"ஐடா ஸ்கடர் பிறந்த ஆண்டு என்ன?" தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. இதைக் கேட்கவே வேண்டாம். அதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: "ராணிப்பேட்டையில் பிறந்த இந்த அமெரிக்கப் பெண், ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனார். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு இன்று நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் காட்பாடியில் ரயில் இறங்கிப் போகிறார்கள். அவர் யார்?" வரலாறு தெரிந்தவரும் சொல்லலாம், காட்பாடி ஸ்டேஷன் வாசலில் அந்த சிஎம்சி மருத்துவமனைக்கு ஆட்டோ ஏறும் கூட்டத்தைப் பார்த்தவரும் சொல்லலாம். இப்படிக் கேள்வி எழுதப் பழகிய பிள்ளை, அடுத்தவர் கேள்வியில் துப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடும். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே அதிகப் பலன் தந்தது இந்தப் பழக்கம்தான்.

நடப்புச் செய்திகளுக்கும் இதே முறை. தினம் ஒரு நாளிதழ், இருபது நிமிடம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 நிலவில் இறங்கியது ஒரு செய்தி. திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல், இறங்கிய இடம் சிவசக்தி, அந்த நாள் தேசிய விண்வெளி நாள், நிலவில் மெல்ல இறங்கிய நான்காவது நாடு இந்தியா. ஒரே செய்தியில் நான்கு கேள்விகள் ஆயிற்று.

படி 6: ஜோடியும் மேடையும்

நெருங்கிய நண்பரையே ஜோடியாகச் சேர்க்க வேண்டியதில்லை. உங்களுக்கு வராத பாடம் யாருக்கு வருகிறதோ அவரைச் சேருங்கள். நீங்கள் வரலாறு என்றால் அவர் அறிவியலும் விளையாட்டுமாக இருக்கட்டும். விடையை யார் வாய்விட்டுச் சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இருவரும் ஆளுக்கொரு விடை சொல்லி மதிப்பெண் இழந்த டீம்கள் உண்டு.

மதிப்பெண் குறைப்பு இல்லாத சுற்றில் எதையாவது யோசித்துச் சொல்லிவிடுங்கள். குறைப்பு உள்ள பஸ்ஸர் சுற்றில் இருவரில் ஒருவராவது உறுதியாக இருந்தால் மட்டும் அழுத்துங்கள். உங்கள் விடைதான் சரி என்று உறுதியாகத் தெரிந்தால், அடுத்த கேள்விக்குப் போகும் முன் கையை உயர்த்தி மரியாதையாகச் சொல்லுங்கள். காவலூர் கேள்வியில் எங்கள் பையன் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டான். சுற்று முடிந்த பிறகு நான் போய்க் கேட்டபோது, இனி மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து "ஐயா, ஒரு சின்ன திருத்தம்" என்று சொல்வதைக்கூடத் திண்ணையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறோம்.

சரி, இந்த வாரத்துக்கு நான்கு கேள்விகள். விடையைப் பார்க்கும் முன் ஜோடியோடு சேர்ந்து ஐந்து நிமிடம் யோசியுங்கள்.

1. திருத்தணியில் பிறந்து, வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்தவர். இவருடைய பிறந்தநாளில் உங்கள் ஆசிரியர்களுக்கு வாழ்த்துச் சொல்வீர்கள். யார்?

2. வட ஆற்காட்டுக்காரரான இந்தத் தமிழ்ப் பேராசிரியரை இரண்டே எழுத்தால் அழைப்போம். 'அகல் விளக்கு' நாவலுக்காக 1961இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். யார்?

3. காம்பிலும் முள் உண்டு, 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இலவம்பாடிப் பக்கம் விளையும் இந்தக் காய் எது?

4. 1751இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றவர், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வங்காளத்தில் ஒரு மாந்தோப்புப் பக்கம் நடந்த போரிலும் வென்றார். அவர் யார், அது எந்தப் போர்?

விடைகள்: சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், மு.வ. என்கிற மு. வரதராசன், வேலூர் முள் கத்தரிக்காய், ராபர்ட் கிளைவ், பிளாசிப் போர்.