வெளிநாட்டு ஊழியப் பயணம்: புதுக் குழுக்கள் விடாமல் செய்யும் தவறுகள்

பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதம்கூட இல்லாதது, டிக்கெட்டில் பெயர் பிசகுவது போன்றவற்றை ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடலாம். பிரசங்கம், மருத்துவ முகாம் என்று ஊழியத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும் கிறிஸ்தவ சபைக் குழுக்கள் ஜெபத்திலும் பாட்டுப் பயிற்சியிலும் குறை வைப்பதில்லை. யாரும் முன்கூட்டி எச்சரிக்காத சில இடங்களில்தான் சறுக்குகின்றன. அதில் ஒன்று மருந்துப் பெட்டி. எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த குழுவும் அதையே தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. அதற்கு முன் விசா.

சுற்றுலா விசாவில் ஊழியம்

படிவத்தில் பயண நோக்கம் ‘சுற்றுலா’. பெட்டியைத் திறந்தால் துண்டுப்பிரதிக் கட்டுகளும், சபைப் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டுகளும். குடிவரவு அதிகாரி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கும்போது பெரியவர்கள் மழுப்புவார்கள், பிள்ளைகள் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் செய்வதுதான் சரி. பொய் சொன்னால்தான் நிற்கும் என்ற நிலையில் பயணத்தைத் திட்டமிட்டதே தப்பு.

பல நாடுகளில் சுற்றுலா விசாவில் பிரசங்கமோ மருத்துவ முகாமோ நடத்த முடியாது. நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவுப்படி மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாடு கடத்துவார்கள். புகார் எழுவதற்குள் குழு விமானம் ஏறிவிடும். வழக்கும் விசாரணையும் உள்ளூர்ப் போதகரின் தலையில் விழும். எந்த வகை விசா, என்னென்ன செய்யலாம் என்பதை அழைக்கும் சபையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். அழைப்புக் கடிதத்தில் அவர்களுடைய பதிவு எண் இருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு கையில் இருக்கட்டும்.

மருந்துப் பெட்டி

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆராதனை முடிவில் ஓர் அறிவிப்பு வரும்: வீட்டில் மீந்த மருந்துகளைக் கொண்டுவாருங்கள். அடுத்த ஞாயிறு மூன்று அட்டைப்பெட்டி நிறைந்துவிடும். பாதி தின்ற ஆன்டிபயாடிக், டாக்டருக்குக் கம்பெனி கொடுத்த சாம்பிள், இறந்துபோன தாத்தாவின் சர்க்கரை மாத்திரை. எடை குறைய வேண்டும் என்று யாராவது மாத்திரைகளை உரித்து ஜிப் கவரில் போட்டுவிடுவார். வெட்டிய அட்டையாக இருந்தால் காலாவதித் தேதி அச்சிட்ட பாதி வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கும். கையில் இருப்பது எந்த வருட மருந்து என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான நெறிமுறைகளை 1996இல் வெளியிட்டு, 1999இலும் 2010இலும் திருத்தியது. அதன் சாரம் எளிது. பெறுபவர் கேட்டதையே கொடுக்க வேண்டும். அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்ட மருந்தாக இருக்க வேண்டும். போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சம் இருக்க வேண்டும். மருந்தின் மூலப்பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல) அங்குள்ளவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். நோயாளிகள் திருப்பிக் கொடுத்ததும் இலவச சாம்பிளும் கூடவே கூடாது. மேலே சொன்ன அட்டைப்பெட்டி இந்த ஐந்திலும் தோற்கும்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறத்தாழ 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பகுதியின் லேபிளை அங்கே யாராலும் படிக்க முடியவில்லை. வைக்க இடமும், பிரிக்க ஆளும், அழிக்கப் பணமும் உள்ளூர்க்காரர்களே தேட வேண்டியிருந்தது. மூன்று பெட்டி மருந்தும் ஒரு சிறு கிளினிக்குக்கு அதே வேலையைத்தான் வைக்கிறது.

சுங்கத்தில் பறித்துக்கொண்டால் நஷ்டம் பணத்தோடு போய்விடும். பறிக்காமல் விட்டால்தான் ஆபத்து. குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. இரண்டு வீட்டிலிருந்து இரண்டும் வந்து ஒரே மேசையில் நிற்கும். “ஒரு ஸ்பூன் கொடுங்கள்” என்று சொல்லி அனுப்பினால், ஒரு தாய் மற்றவளைவிட இரு மடங்குக்கு மேல் கொடுப்பாள். கணக்கு கிலோவுக்கு 15 மி.கி., நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. எடை பார்க்கும் தராசு இல்லாத முகாமில் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

இரத்த அழுத்த மாத்திரை இன்னும் மோசம். முகாமில் 30 நாளுக்குக் கொடுப்பார்கள். தீர்ந்ததும் வாங்க வழியிருக்காது, அல்லது குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அட்டெனலால் வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி வரலாம், மாரடைப்பே வரலாம். நாளுக்கு ஒரு வேளை மட்டும் உணவு சாப்பிடுகிறவருக்குக் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் கொடுத்தால் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். பூச்சி மாத்திரைகூட யோசிக்காமல் கொடுப்பதற்கில்லை. அல்பெண்டசோல் இரண்டு வயதுக்கு மேல் 400 மி.கி. ஒரே வேளை, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் அதில் பாதி. சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், அழும் பிள்ளையின் வாயில் திணித்தால் மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த ஊர்ப் பள்ளியில் போன வாரம்தான் அரசு கொடுத்ததா என்று எந்தக் குழுவும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியது வேறு. மூன்று மாதம் முன்பே உள்ளூர் கிளினிக்கிடம் பட்டியல் கேளுங்கள். பணத்தை அழைக்கும் சபை வழியாக அனுப்பி, அந்த நாட்டு மொத்த வியாபாரியிடமே வாங்கச் சொல்லுங்கள். லேபிள், ஆயுள், சுங்கம் மூன்று தலைவலியும் ஒரேயடியாகத் தீரும். கூட வரும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் அங்கே தற்காலிகப் பதிவு வாங்குங்கள், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். முகாமில் அழுத்தம் அளந்து, அளவைச் சீட்டில் எழுதி, கிளினிக்குக்கு அனுப்புங்கள். மருந்தை ஆரம்பிப்பது தொடர்ந்து பார்க்கப்போகிறவரின் வேலை. பதிவேட்டின் நகல் அங்கேயே இருக்கட்டும்.

கையில் ஏதாவது கொண்டுபோயே ஆக வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு, +1.00 முதல் +3.00 வரை வாசிப்புக் கண்ணாடிகள். அதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே கொண்டுபோங்கள். நாற்பது தாண்டியவர் போட்டுப் பார்த்து, சிறிய எழுத்தைப் படித்துவிட்டு எடுத்துப் போவார். தொடர் சிகிச்சை எதுவும் வேண்டியதில்லை.

உங்கள் சொந்த மருந்துகள் மருந்துக்கடை அட்டையிலேயே, டாக்டர் சீட்டோடு வரட்டும். 2017இல் எகிப்துக்கு 290 டிராமடால் மாத்திரை கொண்டுசென்ற பிரிட்டிஷ் பெண்ணுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தார்கள். அவர் நாட்டில் டாக்டர் சீட்டில் கிடைக்கும் வலி மாத்திரை அது.

மலேரியா மாத்திரையை மொத்தமாக வாங்குவது

மலேரியா வராமல் தடுக்கும் மாத்திரையை எல்லோருக்கும் ஒன்றாக வாங்குவது குடும்பமாகப் போகும்போது நடக்காது. டாக்ஸிசைக்ளின் மலிவு, ஆனால் எட்டு வயதுக்குக் கீழும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. மெஃப்ளோகுயினை இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும், மனச்சோர்வு இருந்தவர்களுக்கு ஆகாது. அடோவாகுவோன்-புரோகுவானில் மாத்திரையைக் கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பியபின் 7 நாள் போதும். முதல் இரண்டும் திரும்பியபின் நான்கு வாரம். வீடு வந்ததும் எல்லோரும் நிறுத்திவிடுவது இங்கேதான். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும், முந்தின நாள் போட்டுக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

அனாதை இல்லத்தில் ஒரு மதியம்

பலூன், மிட்டாய், மடியில் பிள்ளை, புகைப்படம். அடுத்த வாரம் இன்னொரு குழு வரும், அதே பிள்ளை இன்னொரு மடியில் உட்காரும். அங்கிருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார்கள். பார்வையாளர் பணம் வரும்வரை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகத்துக்கு அவசரம் இருக்காது. 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தை அடுத்து 33 பிள்ளைகளை உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோக முயன்ற பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளிலும் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். உதவ வேண்டுமானால் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு, உள்ளூர்ச் சபை மூலம் உதவுங்கள்.

ட்ரோன்

வீட்டில் இருக்கட்டும்.

இரவில் வேன்

வேண்டாம். சீட் பெல்ட் இல்லாத வண்டியும் வேண்டாம்.

காப்பீடு

‘சுற்றுலா’ பாலிசி ஏணியில் ஏறிக் கூரை போடும் வேலையை ஏற்காமல் போகலாம். தன்னார்வ உடலுழைப்பும், நோயாளியை விமானத்தில் வேறிடம் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.

திரும்பியபின் காய்ச்சல்

மலேரியா பகுதிக்குப் போய்வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை வேண்டும். முதல் மூன்று மாதம் மிகக் கவனம். சிலவகை மலேரியா ஓராண்டு கழித்தும் தலைகாட்டும். சளிக்காய்ச்சலாக இருக்கும் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே, எந்த நாட்டில் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.