தூக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் விமானம் ஏறாதீர்கள்

மட்டக்களப்பில் என் அக்காவைப் பஸ்ஸில் ஏற்ற யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை. சக்கர நாற்காலியைக் கண்டதும் கடையில் நிற்பவர் இறங்கி வருவார், ஓட்டோக்காரத் தம்பி வருவார். இருவர் தோளைப் பிடிக்க, ஒருவர் காலைத் தாங்க, ஏற்றிவிடுவார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத அக்கா இத்தனை வருடமும் அந்தக் கைகளை நம்பித்தான் ஊர் சுற்றியிருக்கிறார். மகளைப் பார்க்க லண்டன் புறப்பட்டபோதும் எங்கள் திட்டம் முழுவதும் அந்தக் கைகளின் மேல்தான் நின்றது. எங்கள் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்கின.

மருமகன் விமான நிலையத்துக்குப் ‘பெரிய வாகனம்’ ஒன்றைப் பதிவுசெய்திருந்தார். ஏழு பேர் அமரக்கூடிய வாகனம் வந்தது, சரிவுப்பலகை இல்லை. பயணியைத் தூக்கி ஏற்றத் தனக்கு அனுமதியில்லை, தூக்கும்போது காயம் ஏற்பட்டால் காப்புறுதி பொறுப்பேற்காது என்று சாரதி மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வாகனம் வரும்வரை அக்கா குளிரில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். அந்த நேரம் முழுவதும் எங்கள் கண்ணெதிரே கறுப்பு டாக்சிகள் வரிசையாக நின்றன. லண்டனில் உரிமம் பெற்ற கறுப்பு டாக்சி ஒவ்வொன்றும் சக்கர நாற்காலியை ஏற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ள விதி. இருபது வருடமாக அங்கே வாழும் மருமகனுக்கு அது தெரியவில்லை. அவருக்கு ஒருநாளும் அது தேவைப்படவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும் என்று பொறுப்பை அவர்களிடம் விட்டுவிடாதீர்கள். அன்பில் அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தினமும் போய்வரும் நிலையத்தில் எத்தனை படிகள் என்று கேட்டால், படிகளைக் கவனிக்கத் தேவையில்லாதவருக்குப் பதில் தெரியாது. “நீங்கள் இறங்கும் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறதா, இன்று போய்ப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். வீட்டு வாசலில் எத்தனை படி, கதவு எத்தனை அங்குலம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாகனம் பதியும்போது நாம் கேட்கும் கேள்வியும் பிழையாகிவிடுகிறது. “வீல்செயார் கொண்டுவரலாமா?” என்று கேட்டால் ஆம் என்பார்கள். மடித்துப் பின்பெட்டியில் வைக்கலாம் என்பதே அந்த ஆமின் பொருள். “நாற்காலியில் இருந்தபடியே ஏறி, இருந்தபடியே பயணிக்க வேண்டும்” என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் அத்தகைய வாகனத்தை ‘டபிள்யூ.ஏ.வி.’ என்ற மூன்று எழுத்தால் குறிப்பார்கள். அந்த எழுத்துகளையே சொல்லிப் பதியுங்கள். ஊபர் செயலியில் சில நகரங்களில் ‘அசிஸ்ட்’ என்றொரு தெரிவு உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அது உதவி செய்யப் பழகிய சாரதியோடு வரும் சாதாரணக் கார். சரிவுப்பலகை அதில் இருக்காது.

அடுத்தது அளவு. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் வீட்டில் ஒருவருக்குமே அக்காவின் நாற்காலியின் அகலம் தெரிந்திருக்கவில்லை. லண்டன் பஸ்ஸில் இடம் பெறுவதற்கான எல்லை 70 சென்ரிமீற்றர் அகலம், 120 சென்ரிமீற்றர் நீளம். பல நாடுகளில் வாகனங்களை வடிவமைக்கும்போது இதே அளவைத்தான் மனதில் கொள்கிறார்கள். நாற்காலியை வெறுமையாக வைத்து அளப்பதால் பயனில்லை. ஆள் அமர்ந்திருக்க, பாதங்கள் மிதிபலகையில் இருக்க, கால்விரல் நுனியிலிருந்து பின்சக்கரத்தின் கடைசி வரை அளக்க வேண்டும். அகலத்தைச் சக்கரத்தைச் சுழற்றும் வளையங்களோடு சேர்த்து எடுக்க வேண்டும். தரையிலிருந்து உச்சந்தலை வரையான உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வானின் கதவு தாழ்வாக இருந்தால் தலை இடிக்கும். மின்சார நாற்காலியானால் ஆளோடு சேர்த்த எடையும் வேண்டும். அக்கா இப்போது இவற்றையெல்லாம் ஒரு சிறு அட்டையில் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறார். தொலைபேசியில் யார் கேட்டாலும் தானே வாசித்துச் சொல்கிறார்.

சுரங்க ரயில் வரைபடத்தில் சக்கர நாற்காலிச் சின்னத்தைக் கண்டதும் நிம்மதியடைவது இன்னொரு தவறு. லண்டன் வரைபடத்தில் இரண்டு வகைச் சின்னங்கள் உள்ளன. நீல வட்டத்தில் வெள்ளைச் சின்னம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை படியில்லை. வெள்ளை வட்டத்தில் நீலச் சின்னம் என்றால் மேடை வரைக்கும்தான். மேடைக்கும் ரயிலுக்கும் நடுவே உயரமோ இடைவெளியோ இருக்கலாம். 2022இல் திறந்த எலிசபெத் பாதையின் 41 நிலையங்களிலும் மேடை வரை படியின்றிப் போகலாம். பழைய பாதைகளின் நிலையங்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. பரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதிக்குப் போக ஆசைப்படாதவர் யார்? அங்குள்ள மெட்ரோ நிலையம் தெருவுக்கு மேலே, படிகளின் உச்சியில் இருக்கிறது. அந்நகரின் பழைய மெட்ரோவை நம்பாமல் பஸ்ஸில் போவதே நல்லது. சுவிஸில் 2004இல் நடைமுறைக்கு வந்த சட்டம், பொதுப் போக்குவரத்து முழுவதையும் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றதாக்க 2023 முடிவு வரை காலம் கொடுத்தது. காலம் முடிந்தும் வேலை முடியாத நிலையங்கள் இருக்கின்றன. சட்டம் இருக்கிறது என்பதற்காக லிஃப்ட் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பஸ்ஸைப் பலர் குறைவாக மதிக்கிறார்கள். லண்டனில் நடுக்கதவில் சரிவுப்பலகை நீளும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்குக் கட்டணமும் இல்லை. பெரும்பாலும் ஒரு நாற்காலிக்குத்தான் இடம் என்பதால், அடுத்த பஸ்ஸுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிப் புறப்படுங்கள்.

“பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாசலுக்கே வாகனம் வருகிறது, நமக்கும் வரும்” என்று கணக்குப் போடுவதும் சரிவராது. வாசலுக்கே வாகனம் அனுப்பும் லண்டனின் ‘டயல் எ ரைட்’ சேவை அந்நகரவாசிகளுக்கானது. ரொறன்ரோவின் ‘வீல்-ட்ரான்ஸ்’ முன்னரே விண்ணப்பித்துத் தகுதி பெற்றவர்களுக்கானது. போய் இறங்கிய பிறகு விண்ணப்பித்தால் விடுமுறை முடிந்துவிடும். ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள்: சக்கர நாற்காலிக்காக டாக்சியில் கூடுதல் கட்டணம் வாங்குவதைப் பிரித்தானியாவிலும் ரொறன்ரோ அமைந்த ஒன்ராறியோ மாகாணத்திலும் சட்டம் தடுக்கிறது. கேட்டால் கொடுக்கத் தேவையில்லை.

விமான டிக்கெட் எடுக்கும்போது “வீல்செயார் வேண்டும்” என்று மட்டும் சொன்னால், நீண்ட தூரம் நடக்க முடியாத முதியவர் என்று பதிந்துவிடுவார்கள். படியேறக்கூடியவருக்கு ‘ஆர்’, படியேற முடியாதவருக்கு ‘எஸ்’, இருக்கை வரைக்கும் உதவி தேவைப்படுபவருக்கு ‘சி’ என்று மூன்று குறியீடுகள் உண்டு. அக்காவுக்கு வேண்டியது மூன்றாவது. குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னரே சொல்லுங்கள். சொந்த நாற்காலியை விமானக் கதவடியிலேயே திருப்பித் தரும்படியும் கேளுங்கள். பைகள் வரும் இடத்தில் அது வந்து சேரும்வரை பதிந்த வாகனம் வெளியே காத்திருக்காது.

மின்சார நாற்காலிக்காரர் பற்றரியின் கணக்கைப் பார்க்க வேண்டும். கழற்றி உள்ளே கொண்டுபோகும் லித்தியம் பற்றரி ஒன்றுக்குப் பொதுவான எல்லை 300 வாட்-மணி. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, பிரச்சினையில்லை. 20 ஆம்பியர்-மணி என்றால் 480. விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்காமல் டிக்கெட்டுக்குக் காசு கட்டாதீர்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட். சார்ஜர் அதற்குப் பொருந்துமா என்று அதன் முதுகில் அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

சிகிச்சைக்காகச் சென்னை போகிறவர்கள் பலர். மெட்ரோ விமான நிலையத்தையே தொடுகிறது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு. கார் எடுப்பதானால் பின்பெட்டியின் படத்தை முதலில் கேளுங்கள். சில வாடகைக் கார்களில் எரிவாயு உருளை அந்த இடத்தை அடைத்திருக்கும். மடித்த நாற்காலி உள்ளே போகாது.

இத்தனையும் பார்த்துவிட்டு மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கான பாதையை மறந்துவிடுகிறோம். ஏழெட்டு மணி நேரப் பயணம் அது. உணர்வில்லாத உடம்பு ஒரே இருக்கையில் அழுந்தியிருந்தால் விமானம் ஏறும் முன்பே தோல் புண்ணாகத் தொடங்கும். அக்காவின் மெத்தையை வான் இருக்கையில் போட்டு, வழியில் அடிக்கடி நிறுத்தி, உடம்பை உயர்த்தி விட்டோம்.

திரும்பி வரும் நாளுக்கான வாகனத்தையும் போகும் முன்னரே பதிந்துவிடுங்கள். லண்டனில் காலையிலும் பிற்பகலிலும் இத்தகைய வாகனங்கள் பல பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடும். எங்கள் விமானம் நண்பகலுக்கு. மருமகன் இந்த முறை மூன்று வாரம் முன்னதாகவே அழைத்து, அட்டையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். காலை ஆறு மணிக்கு வாசலில் வாகனம் வந்து நின்று, சரிவுப்பலகை இறங்கியது. அக்கா யார் கையையும் பிடிக்காமல் தானே சக்கரத்தை உருட்டி ஏறினார்.