சாரல் ஊரில் பழைய பிளாப்பியும் மோடமும்

செங்கோட்டையில் ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் வந்துவிடும். நமக்குச் சுகம், பழைய கணினிகளில் கோப்புகளைச் சேமித்த பிளாப்பி வட்டுக்குப் பெரும்பகை. பீரோவில் ஆண்டுக்கணக்காகக் கிடந்ததை எடுத்தவுடன் டிரைவில் போடாதீர்கள். உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே இருக்கும் கரிய வட்டைப் பாருங்கள். வெண்மையாகப் பூஞ்சணம் தெரிந்தால் அது டிரைவில் வட்டைப் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். பின்புறமுள்ள உலோக மையத்தை மெல்லச் சுழற்றியபடி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் இரு பக்கமும் துடையுங்கள். நன்றாக உலரட்டும். வெயிலில் மட்டும் வைக்க வேண்டாம்.

அடுத்து, எழுத முடியாதபடி பூட்டுங்கள். மூன்றரை அங்குலப் பிளாப்பியின் மூலையிலுள்ள சிறு கட்டையை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி வைத்தால், கணினி அதைப் படிக்கும், அதில் எழுதாது. ஐந்தேகால் அங்குல வட்டில் நேர்மாறு: ஓரத்து வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும். ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். புனலூரிலிருந்தும் தென்மலையிலிருந்தும் என்னிடம் பிளாப்பி கொண்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். அதில் இருப்பது மரக்கடைக் கணக்காக இருக்கலாம், இறந்துபோன தந்தை தட்டச்சு செய்த கடிதமாக இருக்கலாம். வேறு பிரதி எங்கும் இருக்காது.

கரகரவென்று சத்தம் கேட்டால் திரும்பத் திரும்ப முயலாமல் வெளியே எடுத்துவிடுங்கள். வேறொரு டிரைவில் போட்டால் படிக்கக்கூடும். தலை நிற்கும் இடம் டிரைவுக்கு டிரைவு சற்றே மாறும். படித்துவிட்டால் முழுவதையும் வன்தட்டில் நகலெடுத்து, அந்த நகலையே திறங்கள். ஒரு மூன்றரை அங்குலப் பிளாப்பியின் மொத்தக் கொள்ளளவே பொதுவாக 1.44 எம்பிதான். தமிழ்க் கோப்பு என்றால் அதே கணினியிலுள்ள எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். யூனிகோடு என்ற பொது எழுத்துக்குறி முறை பரவுவதற்கு முன் எழுதியவை அந்த எழுத்துரு இல்லாமல் வெறும் குறிகளாகவே தெரியும்.

டிரைவ் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் டிரைவை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறது. கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, சிவப்பு ஓரம் ஒன்றாம் முள் பக்கம் வரும்படி மாட்டுங்கள். கேபிளில் சில கம்பிகள் முறுக்கப்பட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் முனையே முதல் பிளாப்பி டிரைவான ஏ டிரைவுக்கு உரியது. சிடி டிரைவில் பின்புற ஜம்பரை (முட்களை இணைக்கும் சிறு துண்டை) பார்த்தால் போதும்: ஒரே கேபிளில் இரண்டு கருவிகள் இருந்தால் ஒன்று மாஸ்டர் (முதன்மை), மற்றது ஸ்லேவ் (துணை). தட்டு வெளியே வராவிட்டால், அணைத்தபின் முகப்பிலுள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய காகிதக் கிளிப்பை நேராக அழுத்துங்கள்.

இனி, தொலைபேசிக் கம்பி வழியாகக் கணினியை இணைக்கும் மோடம். சுவரிலிருந்து வரும் கம்பி ‘லைன்’ என்ற துளைக்கு. தொலைபேசி ‘போன்’ என்ற துளைக்கு. விண்டோஸ் எக்ஸ்பியில் இருக்கும், மோடத்துக்குக் கட்டளை அனுப்பும் ஹைப்பர்டெர்மினல் நிரலைத் திறந்து, மோடம் இணைந்திருக்கும் காம் போர்ட்டைத் தேர்ந்து, ஏ, டி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். ‘ஓகே’ என்று பதில் வந்தால் மோடம் உயிரோடு இருக்கிறது. டயல் டோன் இல்லை என்று அடம்பிடித்தால், ஏ டி எக்ஸ் 3 கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும். 56கே என்று பெட்டியில் போட்டிருந்தாலும் நடைமுறையில் நொடிக்கு ஐந்து கேபி என்று கணக்கிடுங்கள்; ஒரு பிளாப்பி அளவு போய்ச்சேர ஐந்து நிமிடம் ஆகும்.

மலைப்பக்கம் இடி கேட்டவுடன் தொலைபேசிக் கம்பியைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். மின்சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் மோடத்துக்குள் இறங்கி மதர்போர்டு வரை எரித்துவிடும்.