ஃபெடரல் போதைமருந்து கேஸ்: அப்பீலைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்

எஃப்-1 மாணவர் விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ இப்போதுதான் அமெரிக்கா வந்திருக்கிறீர்கள், இதெல்லாம் எனக்கெதற்கு என்று தோன்றும். ரூம்மேட்டோ தம்பியோ ஃபெடரல் அரசு (மத்திய அரசு) போடும் இப்படியொரு போதைமருந்து கேஸில் மாட்டினால் குடும்பத்தில் யாருக்கும் தலைகால் புரியாது, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

"அவன் சரக்கைத் தொடவே இல்லையே" என்றுதான் முதலில் சொல்வோம். ஆனால் பலர் கூடிக் கடத்தத் திட்டமிட்டார்கள் என்ற சதிக் குற்றத்துக்குத் தொட வேண்டியதே இல்லை, தெரிந்தே கூட்டுச் சேர ஒத்துக்கொண்டிருந்தால் போதும். அதற்காக ஏதாவது செய்ததாக நிரூபிக்கக்கூடத் தேவையில்லை என்று 1994-ல் ஷபானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தது சரக்கின் எடை. இதில்தான் வருடங்கள் கூடிக் குறைகின்றன. பழைய தண்டனை இல்லாதவருக்கு, கொக்கைன் 500 கிராமைத் தொட்டால் குறைந்தது 5 வருடம், 5 கிலோவைத் தொட்டால் குறைந்தது 10, அதிகபட்சம் ஆயுள். எடை நிரூபணமாகாவிட்டால் பொதுவாக அதிகபட்சமே 20 வருடம்தான், கட்டாயக் குறைந்தபட்சம் கிடையாது. இப்படி வரம்பை உயர்த்தும் எடையை ஜூரிதான் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சந்தேகத்துக்கு இடமின்றி முடிவு செய்ய வேண்டும் (2000-ல் அப்ரெண்டி, 2013-ல் அலெய்ன் தீர்ப்புகள்). அப்புறம், கூட்டம் மொத்தமும் கடத்திய எடையை ஒருவர் தலையில் கட்டலாமா, அவருக்குரிய பங்கைத் தனியாகப் பார்க்க வேண்டுமா என்பதில் வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கும் அப்பீல் கோர்ட்டுகளே ஒத்துப்போவதில்லை, ஆகவே எந்த மாநிலத்தில் கேஸ் என்பதும் முக்கியம்.

ஜூரிக்கு ஜட்ஜ் கொடுக்கும் விளக்கத்தில் தப்பு இருந்தால், ஜூரி கலந்து பேச உள்ளே போவதற்கு முன்பே வக்கீல் ஆட்சேபித்துப் பதிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அப்பீலில் ஜெயிப்பது குதிரைக்கொம்பு. 2002-ல் காட்டன் வழக்கில் குற்றப்பத்திரிகையில் எடையே இல்லை, ஆனாலும் அப்போது யாரும் ஆட்சேபிக்கவில்லை, சாட்சியமோ அசைக்க முடியாதது என்று சொல்லி, 20 வருடத்தைத் தாண்டிய தண்டனைகளை உச்ச நீதிமன்றம் அப்படியே விட்டுவிட்டது. அதனால் விசாரணை நடக்கும்போதே வக்கீலைக் கேளுங்கள்: "எடை பற்றிய கேள்வி ஜூரி நிரப்பும் தீர்ப்புப் படிவத்தில் இருக்கிறதா? ஆட்சேபணை பதிவாகிவிட்டதா?" கூச்சப்படாதீர்கள்.

தண்டனைத் தீர்ப்பு பதிவான 14 நாளுக்குள் அப்பீல் நோட்டீஸ் போட வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் ஒப்பந்தங்களில் அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி அடிக்கடி இருக்கும், வரி வரியாகப் படியுங்கள். எடை விஷயத்தில் மட்டும் ஜெயித்தால் பெரும்பாலும் சிறைக்காலம்தான் குறையும், குற்றத் தீர்ப்பு நிற்கும், கிரீன் கார்டு இருந்தாலும் நாடுகடத்தலாம். அந்த ஆபத்தை முன்பே எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-ல் படில்லா தீர்ப்பு வந்திருக்கிறது, எனவே கிரிமினல் வக்கீலோடு ஒரு குடியேற்ற வக்கீலையும் ஆரம்பத்திலேயே பேச வையுங்கள்.