ஃபிட்னெஸ் வாட்ச் வாங்கலாமா? காசு வீணாகும் இடங்கள்

தீபாவளி ஆஃபர் தொடங்கினால் போதும், "3,000 ரூபாய்க்குள்ள நல்ல ஃபிட்னெஸ் வாட்ச் எது?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் "சும்மா, ஹெல்த்துக்குத்தான்" என்று பதில் வரும். அந்தச் சும்மாவில்தான் காசு போகிறது. எந்த மாடல் என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அது காட்டப்போகும் இருபது எண்களில் எந்த ஒன்றைப் பார்த்து நாளில் எதை மாற்றப்போகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். "மதியம் ஆகியும் 2,000 ஸ்டெப்ஸ்தான் ஆயிருக்கு, சாயங்காலம் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்துடணும்" என்று நினைக்கிற ஆளுக்கு 1,500 ரூபாய் ஃபிட்னெஸ் பேண்டே தாராளம். அப்படி எதுவும் தோன்றாதவருக்கு 50,000 ரூபாய் வாட்சும் மணிதான் காட்டும்.

ஏற்கெனவே கையில் இருப்பதை மறந்துவிட்டுக் கடைக்குப் போவது அடுத்த தவறு. ஸ்டெப்ஸ் எண்ண வாட்ச் தேவையில்லை, சட்டைப்பையில் இருக்கும் ஃபோனே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. சாம்சங் ஃபோனில் சாம்சங் ஹெல்த், ஐபோனில் ஹெல்த் ஆப், திறந்து பார்த்தால் பழைய கணக்குகூடக் கிடைக்கலாம். ஒரு மாதம் அதைத் தினமும் பாருங்கள். பத்தே நாளில் பார்ப்பதை விட்டுவிட்டீர்கள் என்றால், மணிக்கட்டில் கட்டினாலும் அதேதான் நடக்கும். ஆனால் ஒன்று, வீட்டு வேலை செய்பவர்கள் ஃபோனை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு நாள் முழுக்க அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் நடப்பார்கள், அந்த நடையெல்லாம் ஃபோனுக்குத் தெரியாது. பேண்ட் வாங்க அது நியாயமான காரணம்.

எடை குறையும் என்று நம்பி வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இதை இரண்டு வருடம் சோதித்துப் பார்த்தார்கள், முடிவு 2016இல் வெளியானது. அதிக எடையுள்ள இளைஞர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. ஆறு மாதம் கழித்து ஒரு பிரிவினருக்கு மட்டும் கையில் கட்டும் கருவி கொடுத்தார்கள். கடைசியில் கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தார்கள், கட்டாதவர்களோ 5.9 கிலோ. சோதனையை நடத்தியவர்களே எதிர்பார்த்தது இதற்கு நேர்மாறாக. அதற்காகக் கருவி வீண் என்று அர்த்தமில்லை. 2022இல் தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் முந்தைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து அலசியபோது, இந்தக் கருவிகளைக் கட்டியவர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 1,800 ஸ்டெப்ஸ் கூடுதலாக நடந்ததும், எடை ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்ததும் தெரிந்தது. ஆக, கொஞ்சம் கூடுதலாக நடக்க வைக்கும், அது நல்லதுதானே. தொப்பையைக் கரைக்கும் என்றால் இல்லை, அந்த வேலை சாப்பாட்டுத் தட்டில் நடப்பது.

தட்டு என்றதும் கலோரி கணக்கு. ஒரு ஃபிட்னெஸ் வாட்ச் சொல்வதிலேயே நம்ப முடியாத எண் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகைக் கருவிகளைக் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டு, ஆய்வகக் கருவிகளோடு ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன, பாராட்டலாம். கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமான கருவி 93 சதவீதம். கருவிகள் அப்புறம் எவ்வளவோ மாறியிருக்கின்றன, ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. வாட்சுக்குத் தெரிவதெல்லாம் கை எவ்வளவு ஆடியது, நாடி எவ்வளவு துடித்தது, நீங்கள் பதிந்த வயது, உயரம், எடை, இவ்வளவுதான். உங்கள் உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது, மீதியை ஊகித்துப் போடுகிறது. இதில் இன்னொரு கூத்து, பல ஆப்களில் முதலில் பெரிதாகத் தெரியும் மொத்த கலோரி, சும்மா படுத்துக் கிடந்தாலும் உடம்பு எரிப்பதையும் சேர்த்த எண். "இன்னைக்கு 1,900 எரிச்சுட்டேன்" என்று அதைப் பார்த்துவிட்டு ராத்திரி இன்னும் ரெண்டு பரோட்டா சொல்பவரை வாட்ச் என்ன செய்ய முடியும்? கலோரி பார்த்துச் சாப்பிடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள்.

பத்தாயிரம் ஸ்டெப்ஸ் என்ற இலக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தது கிடையாது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சி மோகம் பரவ, 1965இல் யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் நடை எண்ணும் கருவி ஒன்றை அந்த எண்ணையே பெயராக வைத்து விற்றது, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்கள் 16,741 பேரைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. அதில் தினமும் 4,400 ஸ்டெப்ஸ் அளவில் நடந்தவர்களிடமே இறப்பு கணிசமாகக் குறைந்து காணப்பட்டது, சுமார் 7,500க்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. இளையவர்களுக்கு இதே எண் பொருந்த வேண்டும் என்றில்லை. ஆனாலும் வாட்ச் வைத்திருக்கும் இலக்கை அப்படியே விடாமல், இப்போது நடப்பதைவிட ஆயிரமோ இரண்டாயிரமோ கூட்டி நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், செட்டிங்ஸில் ஒரு நிமிட வேலை.

இதயத் துடிப்பை எப்படி அளக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வாட்சைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும், அதை எண்ணித்தான் துடிப்பு. அதனால் வாட்ச் ஆடினால் கணக்கும் ஆடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராத அளவு இறுக்கிக் கட்ட வேண்டும். வளையல் போட்ட கையிலேயே கட்டினால் வளையல் இடித்து இடித்து வாட்ச் எலும்பு மேல் வந்து உட்கார்ந்துவிடும், மாற்றுக் கையில் கட்டுவது நல்லது. அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் ஒளி சரியாகப் போய்வராது. எடை தூக்கும்போதும், திடீரென்று வேகம் கூட்டி ஓடும்போதும் தடுமாறும், துடிப்பு துல்லியமாக வேண்டும் என்பவர்கள் மார்பில் கட்டும் பட்டைக்குத்தான் போகிறார்கள். சில மலிவு வாட்சுகளை வாழைப்பழத்தில் கட்டினாலும் 70, 80 என்று துடிப்பு காட்டும். சிரிக்க வேண்டாம், ஒளி எதில் பட்டுத் திரும்புகிறது என்று கருவிக்குத் தெரியாது, கிடைத்த அலையில் ஒரு தாளத்தைத் தேடிப்பிடித்துக்கொள்கிறது.

ஸ்டெப்ஸிலும் இந்த வேடிக்கை உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினால் உட்கார்ந்தபடியே நடந்திருப்போம். துணி அலசினால், சப்பாத்தி மாவு பிசைந்தால் கணக்கு ஏறும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாலோ கை ஆடாததால் பாதி நடை காணாமல் போகும். இதற்காகக் கருவியைத் தூக்கிப் போட வேண்டாம். எப்போதும் ஒரு கிலோ கூட்டிக் காட்டும் வீட்டு எடை மெஷினை வைத்தே நாம் ஏறியிருக்கிறோமா இறங்கியிருக்கிறோமா என்று தெரிந்துகொள்வதில்லையா, அந்த மாதிரிதான். போன வாரத்து உங்களோடு இந்த வாரத்து உங்களை ஒப்பிடலாம். வேறு கம்பெனி வாட்ச் கட்டிய மச்சானோடு போட்டி போடுவதில் அர்த்தம் இல்லை.

இனி வருவதுதான் நிஜமாகவே ஆபத்தானது. அப்பாவுக்கு பிபி இருக்கிறது, அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது, அதனால் எல்லாம் காட்டுகிற மாதிரி ஒரு வாட்ச் என்று தேடுகிறார்கள். ஊசி குத்தாமல் சர்க்கரை அளக்கும் என்று ஒரு வாட்சோ மோதிரமோ சொன்னால் அந்தப் பக்கத்தை அப்போதே மூடிவிடுங்கள். அப்படி எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. பிபியும் அப்படித்தான், சாம்சங் வாட்சில் அந்த வசதி இருக்கும் நாடுகளில்கூட கையில் பட்டை சுற்றி அளக்கும் சாதாரண பிபி மெஷினை வைத்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். மெஷின் எப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் மெஷினை மட்டும் வாங்கிக்கொள்ளலாமே! அப்பாவுக்கு மேல்கையில் சுற்றும் பிபி மெஷின், அம்மாவுக்கு விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர், ஆக்சிஜன் பார்க்க வேண்டியவர்களுக்கு கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் விரல் கிளிப்.

பிபிக்கு மெட்டோபிரோலால், அட்டெனோலால் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாத்திரைகள் துடிப்பையே குறைத்து வைக்கும். வாட்சோ பெரும்பாலும் 220இல் வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைக் கணக்கிட்டு, "இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக" என்று விரட்டும். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கே அந்தச் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார்ப்பது இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எவ்வளவோ மேல்.

ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்கும் வசதி ஏமாற்றுவேலை இல்லை. ஆப்பிள் வாட்சை வைத்துச் சுமார் 4,19,000 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வந்தது, அதில் எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்கு. அவர்களில் மேற்கொண்டு மார்பில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பரிசோதித்துக்கொண்டவர்களில் 34 சதவீதம் பேருக்குக் கோளாறு உறுதியானது. எச்சரிக்கை வந்தால் டாக்டரைப் பாருங்கள், வராவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியமாக, வாட்ச் ஈசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் நார்மல் என்று காட்டுகிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும்.

தூக்கக் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். ஆழ்ந்த தூக்கம் 48 நிமிடம் என்பதெல்லாம் மூளை அலையைப் பார்க்காமல் அசைவையும் நாடியையும் வைத்துப் போடும் ஊகம். நன்றாகத் தூங்கி எழுந்தவர், ஸ்கோர் 61 என்று பார்த்ததும் சோர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். தூக்க எண்ணைத் துரத்தியே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களுக்கு ஆர்த்தோசோம்னியா என்று 2017இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். எதற்கும் சட்டென்று பதறும் சுபாவம் என்றால் உங்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் வாங்கலாம் என்று தோன்றினால், விலைப் பட்டியலில் கண்ணில் படாத செலவுகளைப் பாருங்கள். 6,999ஐ அடித்துவிட்டு 1,299 என்று போட்டிருப்பதைப் பார்த்து 5,700 ரூபாய் மிச்சம் என்று யாரும் மயங்க வேண்டாம், அந்த 6,999க்கு அதை யார் வாங்கினார்கள்? வூப் பேண்ட், ஊரா மோதிரம் மாதிரிக் கருவிகளுக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பெங்களூரு கம்பெனி அல்ட்ராஹ்யூமன் மோதிரத்துக்கு அடிப்படை வசதிகளுக்குச் சந்தா இல்லை. ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டு ஃபோனோடு சேராது, இப்போதைய சாம்சங் வாட்சுகள் ஐபோனோடு சேராது, இது தெரியாமல் வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வந்தது பெட்டியிலேயே கிடக்கும். ஜிபிஎஸ் என்று போட்டிருந்தால் வாட்சுக்குள்ளேயே இருக்கிறதா, ஃபோனிடம் கடன் வாங்குகிறதா என்று கேளுங்கள். நீச்சலுக்கு என்றால் பெட்டியில் போட்டிருக்கும் தண்ணீர் தாங்கும் தரம் ஐபி68 என்று இருந்தால் போதாது, 5 ஏடிஎம் என்று இருக்க வேண்டும். சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், தொலைந்தால் தேடி அலைய வேண்டும். பேட்டரியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது, மூன்று வருடம் ஓடினால் சந்தோஷப்படலாம். கம்பெனியே மூடிவிடுவதும் உண்டு. பெப்பிள் என்ற ஸ்மார்ட்வாட்ச் கம்பெனியை 2016இல் ஃபிட்னெஸ் பேண்ட் கம்பெனியான ஃபிட்பிட் வாங்கியது, 2018இல் சர்வரை நிறுத்தியது. ஃபிட்பிட்டையே 2021இல் கூகுள் எடுத்துக்கொண்டது. நம் உடம்புக் கணக்கு எந்தக் கம்பெனி கையில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது, ஆகவே ஆப் கேட்கும் அனுமதி எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்தாதீர்கள். ஓட்டப் பாதையைப் பகிரும் ஸ்ட்ராவா ஆப்பின் வரைபடத்தால் 2018இல் ராணுவ முகாம்களின் இருப்பிடமே வெளியே தெரிந்துபோனது, நம் வீட்டு வாசல் தெரிவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வாங்குவதற்கு முன் காசில்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் "யார்கிட்டயாவது பழைய ஃபிட்னெஸ் பேண்ட் சும்மா கிடக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள், கட்டாயம் ஒன்றாவது வரும், ஏனென்றால் எத்தனையோ வீடுகளில் டிராயரில் கிடக்கிறதே. இரண்டு மூன்று வாரம் கட்டிப் பாருங்கள், குளித்துவிட்டு மறக்காமல் எடுத்துக் கட்டுகிறீர்களா, ஸ்ட்ராப்புக்கு அடியில் வேர்வையில் அரிக்கிறதா, சார்ஜ் போடச் சலிப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். இரவல் வாங்கும்போது கொடுப்பவருடைய ஆப்பிலிருந்து அதை நீக்கித் தரச் சொல்லுங்கள், சில பேண்டுகள் பழைய கணக்கோடு ஒட்டிக்கொண்டு உங்கள் ஃபோனில் சேரவே சேராது.