ஹீட்டிங் அணைத்தும் ரேடியேட்டர் கொதிக்கிறதா?

பிரிட்டன் வீடுகளில் கோடையில் வெந்நீருக்கு மட்டும் பாய்லரை ஓடவிட்டாலும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் எல்லாம் சூடேறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டார் வால்வை, அதாவது ரேடியேட்டருக்குப் போகும் சுடுநீரை மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வை. பாய்லரில் கை வைக்காதீர்கள். அது பதிவு பெற்ற கேஸ் இன்ஜினியரின் வேலை.

வெந்நீர் சிலிண்டரின் அருகே, செப்புக் குழாயில் ஒரு சிறு உலோகப் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் இந்த வால்வு. ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்கும் தனித்தனி வால்வு இருக்கும் அமைப்பு என்றால், ஹீட்டிங் வால்வின் பக்கவாட்டு நெம்புகோலை நகர்த்திப் பாருங்கள். மூடிய வால்வில் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். தொளதொளவென்று ஆடினால் வால்வு திறந்திருக்கிறது.

ஏன் திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். ஹீட்டிங்குக்கான 3 ஆம்பியர் ஃபியூஸ் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். நெம்புகோல் தானே திரும்பினால் வால்வு நல்லது. தெர்மோஸ்டாட்டோ டைமரோ மின்சாரத்தை நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. திரும்பவில்லையென்றால் வால்வு சிக்கியிருக்கிறது. இந்த நிலையில், பாய்லரை எரியச் சொல்லும் உள்ளிருக்கும் சிறு மைக்ரோசுவிட்சும் ‘ஆன்’ நிலையிலேயே கிடப்பதால், யாரும் கேட்காமலே பாய்லர் எரிந்து கேஸ் வீணாகும்.

மோட்டார் உள்ள தலைப்பகுதியைக் கழற்றக்கூடிய வால்வு மாடலில், மின்சாரம் அணைந்திருப்பதை உறுதிசெய்து, அதைக் கழற்றி அடியிலுள்ள தண்டைத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால் தலையை மட்டும் மாற்றினால் போதும், தண்ணீரை வடிக்க வேண்டாம். இறுகியிருந்தால் வால்வு முழுவதையும் மாற்ற வேண்டும். அதற்குத் தண்ணீரை வடித்தாக வேண்டும். 230 வோல்ட் வயர்களை மாற்றிக் கோக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.